குரலின்றி நடந்த இரட்டை வாசிப்பு

நான் பணியாற்றிய ஆய்வகத்தில் அண்மையில் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அறிவியல் பணியிடங்களில் இதுவரை அரிதாகவே காணப்பட்டவர்கள், அதாவது உடற்குறை உடையோர், பெண்கள், பழங்குடியினர் முதலானோர், தடையின்றி வேலை செய்ய எவற்றை மாற்ற வேண்டும் என்று ஆராய்வது அதன் பொறுப்பு. புதிதாகச் சேர்வோருக்கு ஒரு கையேடும் தயாராகிறது. அதன் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஓய்வுபெற்றவனை நினைவில் வைத்திருந்தமைக்கு நன்றி. ஆனால் அதில் என்னைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது: "பகுப்பாய்வுப் பிரிவின் முன்னாள் தலைவர் வேதாசலம், காது கேளாத பெண் வேதியியலர் ஒருவருக்காகப் பெருந்தன்மையுடன் நடைமுறையில் சலுகை அளித்தார்."

இவ்வாக்கியத்தில் என் பெயரைத் தவிர வேறு எதுவும் சரியில்லை. உரிய புகழை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. உரியதல்லாததைச் சுமந்து திரியும் வழக்கமும் எனக்கில்லை. கையேட்டுக்கு ஆங்கிலத்தில் அரைப்பக்கத் திருத்தம் அனுப்பிவிட்டேன். அரைப்பக்கத்தில் அடங்காதவற்றை நம் தமிழ்ச் சங்கத்து மலருக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை விரித்துரைக்க ஒன்றுமில்லை. திருச்சியில் வேதியியல் பட்டம், சென்னையில் முதுநிலை, ஒரு போட்டித் தேர்வு, பிறகு கல்கத்தா. பவானிபூரில் மாடி அறை ஒன்றில் குடியிருந்து, கூட்டமான பேருந்தில் தொங்கியபடி கிடர்பூர் போய்ச் சேர்வதே அந்நாளில் நான் கற்ற கடினமான பாடம். வங்காளத்தை விரைவில் கற்றேன். சக ஊழியர்கள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். நன்று என்று பொருள்படும் 'பாலோ'வை, முதலெழுத்தில் மூச்சை அழுத்தாமல் நான் சொன்னால், அது நன்று என்றும் பொருள்படவில்லை, வேறெந்தப் பொருளும் படவில்லை என்பார்கள். அவர்கள் வாயிலோ 'வ' வராது. வேதாசலமாகிய நான் அவர்களுக்குப் பேதாபாபு. இரு தரப்பும் சமன் என்று நான் அமைதி கொண்டேன்.

எங்கள் ஆய்வகம் துறைமுகத்துக்கு அருகில் இருந்தது. கப்பலில் வந்திறங்கும் சமையல் எண்ணெயின் தரத்தைப் பற்றி வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கருத்து வேறுபட்டால், முத்திரையிட்ட மூன்றாவது புட்டி எங்களிடம் வரும். அதற்கு நடுவர் மாதிரி என்று பெயர். நாங்கள் சொல்லும் எண்ணே இறுதியானது. ஆகவே அந்தச் சோதனைக்கென்று தனி மேசை, தனிக் கருவிகள், தனி நடைமுறை.

அந்நடைமுறையை விளக்க வேண்டும். எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, ப்யூரெட் எனப்படும் அளவுகோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்ப்போம். மெல்லிய இளஞ்சிவப்பு தோன்றி, குடுவையைச் சுழற்றியும் மறையாமல் நின்றால், அந்த இடத்தில் நிறுத்தி, குழாயில் கரைசல் எந்தக் கோடு வரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் வாசிப்பாளர் எண்ணை உரக்கச் சொல்வார். இரண்டாம் வாசிப்பாளர் வந்து பார்த்து, அதே எண்ணை உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதுவார். இதுவே இரட்டை வாசிப்பு. முதல் வாசிப்பாளர் எப்போதும் பணியில் மூத்தவர். எங்கள் பிரிவின் பெருமை என்னவென்றால், இந்த இரண்டு வாசிப்புகளும் ஒருமுறைகூட மாறுபட்டதில்லை. வருகை தரும் அதிகாரிகளுக்கு நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

அந்நாளில் எங்கள் இயக்குநர் டாக்டர் சான்யால். அவருடைய பாணியை இன்றைய இளைஞர்களுக்குப் புரியவைப்பது கடினம். அவர் அறையின் ஜன்னல் துறைமுகத்துப் பளுதூக்கிகளை நோக்கியிருக்கும். எவர் எதைக் கேட்டாலும் ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொல்வார். பென்சிலின் பின்முனையால் மேசையை மெல்லத் தட்டுவார். 'தேக்சி', அதாவது 'பார்க்கிறேன்' என்பதே அவருடைய பெரும்பாலான பதில். அதை எந்தச் சுரத்தில் சொன்னார் என்பதைக் கொண்டு ஆமா இல்லையா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். முகத்தைக் கொண்டு முடிவு செய்ய வழியில்லை. அவருடைய மீசை மேலுதட்டை முழுவதும் மூடி, கீழுதட்டிலும் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. கோபத்தில் குரலுயர்த்தி ஒரு சொல் சொன்னவரல்லர். விதிமுறை என்றால் அவருக்கு உயிர்.

இந்த நிலையில்தான் மௌசுமி மண்டல் எங்கள் பிரிவில் நியமனம் பெற்று வந்தார். தெற்கே கடலோரத்துக் காக்த்வீப் பக்கத்துப் பெண். வேதியியலில் முதுநிலை முடித்தவர். குழந்தைப் பருவத்துக் காய்ச்சலில் செவித்திறன் போய்விட்டது. எதிரில் நிற்பவரின் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். ஏற்ற இறக்கம் குறைந்த தம் குரலில் தெளிவாகவே பதில் சொல்வார். ஆய்வகத்து உரையாடல்கள் எல்லாம் வங்காளத்தில் நடந்தவை. நம் வாசகர்களுக்காக நம் பேச்சில் தருகிறேன்.

முதல் நாள் அவரை வரவேற்றவர் பிமல்-தா, அதாவது பிமல் அண்ணன். எங்கள் பிரிவில் வயதிலும் உயரத்திலும் மிகப் பெரியவர். நடுவர் மேசையின் நிரந்தர முதல் வாசிப்பாளர். காது கேளாதவர் என்று கேள்விப்பட்டிருந்ததால், கங்கையின் மறுகரைக்குக் கேட்கும்படி, "மேசை, அங்கே, இருக்கு" என்று ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார்.

மௌசுமி பொறுமையாகக் கேட்டு, அதாவது பார்த்து, "தாதா, கத்தாதீங்க. கத்தினா வாய் கோணிக்குது, ஒண்ணும் புரியல. சாதாரணமாப் பேசுங்க" என்றார்.

பிமல்-தா என்னைத் திரும்பிப் பார்த்து, "பேதாபாபு, என் பொண்டாட்டி இதையேதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றா" என்றார்.

அன்று முதல் அவ்விருவருக்கும் இடையே சிக்கல் எதுவும் இருக்கவில்லை என்றே நான் எண்ணியிருந்தேன்.

சிறு மாற்றங்கள் தாமாகவே வந்தன. நச்சுப்புகையை வெளியேற்றும் பெட்டியின் விசிறி நின்றுவிட்டால் மற்றவர்களுக்கு ஓசை அடங்குவதிலிருந்து தெரியும். மௌசுமி பெட்டியின் விளிம்பில் மெல்லிய காகித நாடா ஒன்றை ஒட்டினார். காற்று இழுக்கும்வரை அது உள்நோக்கிப் படபடக்கும். ஒரு வாரத்தில் எல்லாப் பெட்டிகளிலும் நாடா வந்துவிட்டது. விசிறி இரைந்துகொண்டிருந்தும் காற்றை இழுக்காத ஒரு பெட்டியை அந்த நாடாதான் காட்டிக்கொடுத்தது. தீ எச்சரிக்கை மணியோடு ஒரு சிவப்பு விளக்கையும் இணைக்கச் செய்தேன். இவற்றுக்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை.

நடுவர் மேசை அப்படிப்பட்டதன்று. தகுதிகாண் காலம் முடியும்போது, ஒருவர் இரட்டை வாசிப்புக்குத் தகுதியானவர் என்று பிரிவுத் தலைவராகிய நான் பரிந்துரைக்க, இயக்குநர் ஒப்ப வேண்டும். இல்லையேல் அந்தப் பதவியில் உறுதிசெய்ய இயலாது. வேறிடத்துக்கு, பெரும்பாலும் பண்டகசாலைக்கு, மாற்றிவிடுவார்கள். அங்கே போன வேதியியலர் எவரும் மீண்டும் குடுவையைத் தொட்டதில்லை.

விதியில் 'உரக்க' என்ற சொல் இருந்தது. உரக்கச் சொல்லவும் உரக்கத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். மௌசுமியால் சொல்ல முடியும். ஆனால் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் பின்புறமிருந்து ஒலிக்கும் எண்ணை எவ்வாறு பெறுவார்? இந்த ஆட்சேபத்தை எழுப்பியவன் நானே. அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நடுவர் முடிவை எதிர்த்து ஒருவர் வழக்குக்குப் போனால், நடைமுறையில் ஓர் எழுத்துப் பிசகும் இருக்கலாகாது. அந்தக் கேள்வியை இன்றும் கேட்பேன்.

மௌசுமி சொன்னார்: "கேள்வி சரிதான் சார். ஆனா அதை டைரக்டர் சாரோட நேராப் பேசணும். அவர் பேசறதுல எனக்கு ஒரு வார்த்தை புரியறதில்ல. ஜன்னலைப் பார்த்துப் பேசறார். தப்பித்தவறித் திரும்பினாலும் மீசைதான் தெரியுது."

"என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?"

"நீங்கதான் பிரிவுத் தலைவர். நீங்கதான் சொல்லணும்."

அன்று மாலை லேக் மார்க்கெட்டில் வெற்றிலையும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு வரும்போது என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னங்க, பெரிய ஆபீசர்கிட்டப் போயி மீசையை எடுங்கன்னா சொல்லப் போறீங்க? ரிடையர் ஆக இன்னும் காலம் கிடக்கே."

"எடுக்கச் சொல்லப் போவதில்லை. குறைக்கச் சொல்வேன்."

"அது சரி. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடுவீங்கபோல" என்று சொல்லி மேலே நடந்தாள்.

மறுநாள் இயக்குநரின் அறையில், இரவெல்லாம் மனத்துக்குள் அமைத்து வைத்திருந்த வாக்கியத்தை நின்றபடியே சொன்னேன்: "சார், ஒரு முக்கியமான கருவியின் பார்வைப் பரப்பு மறைக்கப்பட்டிருப்பதால் வாசிப்பில் பிழை நேர்கிறது."

ஜன்னலை நோக்கியே, "எந்தக் கருவி?" என்றார்.

"உங்கள் வாய், சார்."

பென்சில் நின்றது. பளுதூக்கி ஒன்று சுமையை ஏற்றி, சுழன்று, இறக்கி முடிப்பதை அவர் பார்த்தார். நான் விளக்கத்தைத் தொடர்ந்தேன், தொடராமலே விட்டிருக்கலாம். கடைசியில், "தேக்சி" என்றார். எந்தச் சுரம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் படியேறி வந்தபோது வாயில்காவலர் அடையாள அட்டையைக் கேட்டுவிட்டார். மீசை ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. எங்கள் இயக்குநருக்கு மேலுதடு உண்டு என்பதை ஆய்வகம் அன்றுதான் கண்டது.

தேநீர் வேளையில் பிமல்-தா தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார் சிரிக்கிறாரா இல்லையான்னு இத்தனை வருஷம் யூகிச்சிட்டு இருந்தோம் பேதாபாபு. இப்போ தெளிவாயிடுச்சு. சிரிக்கவே இல்ல."

சான்யால் நாற்காலியையும் திருப்பிப் போட்டுக்கொண்டார். மௌசுமியை எதிரில் அமர்த்தி, அவர் முகம் பார்த்துப் பேசினார். "உன் வேலையில எனக்குக் குறையில்லை. விதியில 'உரக்க'ன்னு இருக்கு. அதுக்கு என்ன சொல்றே?"

"எதுக்காக உரக்கச் சொல்றோம் சார்?"

"ரெண்டு பேர் பார்த்தாங்கன்னு உறுதியாக."

"அப்போ ரெண்டு பேரும் பார்க்கட்டும். சொல்ல வேணாம்" என்றார் மௌசுமி. நிறமாற்றம் தெளிவாகத் தெரிவதற்காகக் குடுவைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் சில்லு ஒன்றை வைப்போம். அதில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, பளபளப்பில்லாத அடிப்பக்கத்தில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதினார். எழுதிய பக்கம் தெரியாதபடி மீண்டும் திருப்பி மேசைமேல் வைத்தார். "ஆளுக்கொரு சில்லு. தனித்தனியாப் பார்த்து எழுதி இப்படி வைக்கட்டும். அப்புறம் சேர்த்துத் திருப்பலாம்."

"பரீட்சை பண்ணிப் பாருங்க" என்று சான்யால் என்னிடம் சொன்னார்.

பரீட்சையன்று பிரிவு முழுவதும் வேலை இருப்பதுபோல் மேசையைச் சுற்றி நின்றது. பழைய மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டோம். இளஞ்சிவப்பு நிலைத்தது. பிமல்-தா பார்த்தார், எழுதினார், வைத்தார். மௌசுமி பார்த்தார், எழுதினார், வைத்தார். நான் இரண்டையும் திருப்பினேன்.

கடைசி இலக்கம் ஒத்துவரவில்லை.

இரண்டாம் முறையும் வேறுபட்டது. மூன்றாம் முறையும் அவ்வாறே. அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான், ஆனால் ஒருமுறைகூட மாறுபட்டதில்லை என்று பெயர்பெற்ற மேசையில் அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

பிமல்-தாவின் முகம் சிவந்தது. "நான் சொன்ன ரீடிங்கை இதுவரைக்கும் எவனும் மறுத்துச் சொன்னதில்ல. நல்ல பொண்ணு, கெட்டிக்காரி, ஒத்துக்கறேன். ஆனா மேசை வேற விஷயம்."

மௌசுமி சில்லுகளைத் துடைத்து அடுக்கினார். பிறகு என்னருகில் வந்து, "ஸ்டோர்ஸ்ல ஜன்னல் இருக்கா சார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை அசைத்தது என்று எழுதினால் மிகை. என்னை அசைத்தது பிமல்-தாவின் வாக்கியம். எவரும் மறுத்துச் சொன்னதில்லை என்பது உண்மை. நானே பல ஆண்டுகள் அவருக்கு இரண்டாம் வாசிப்பாளனாக இருந்தவன். ஆனால் மறுத்துச் சொல்லுமாறு எவர் எப்போது கேட்டார்? மூத்தவர் உரக்கச் சொல்லி முடித்த பின்னரே இளையவர் குழாயின் அருகில் வருவார். காதில் விழுந்த எண் கண்ணுக்கு முன்னே போய் நின்றுகொள்ளும்.

"பிமல்-தா, ஒரு முறை நாமிருவரும் செய்வோம்" என்றேன்.

"நமக்கு எதுக்கு பரீட்சை?"

"நமக்குக் காது கேட்கிறது என்பதால்."

செய்தோம். சில்லுகளைத் திருப்பினேன். அவருடைய எண்ணும் என் எண்ணும் வேறுபட்டன. அவருக்கும் மௌசுமிக்கும் இருந்ததைவிடக் கூடுதலாக.

இதற்குள் சான்யால் வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தார். குனிந்து பார்த்தார், ஒரு சில்லில் எழுதினார், வைத்தார். மௌசுமியையும் அதே வாசிப்பை எடுக்கச் சொன்னார். அவ்விரண்டையும் திருப்பினால், மொத்தம் நான்கு சில்லுகளில் நான்கு எண்கள்.

அப்போதுதான் எங்கள் இயக்குநர் சிரித்தார். வாய் முழுவதும் தெரியச் சிரித்தார். "இத்தனை வருஷமா இங்கே ஒரே ஒருத்தர்தான் பார்த்துட்டு இருந்திருக்கார். மத்தவங்க எல்லாம் எதிரொலி" என்றார். பிமல்-தாவும் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "அந்த ஒருத்தன் நான்தானே சார்? அதுவரைக்கும் சந்தோஷம்."

காரணம் எளியது. குழாயில் திரவத்தின் மேற்பரப்பு பிறைபோல் குழிந்து நிற்கும். அதன் அடிவரம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெடிய பிமல்-தா மேலிருந்து பார்ப்பார். அவருக்கு எண் சற்றுக் குறையும். உயரத்தில் எளியவனாகிய எனக்குச் சற்றுக் கூடும். இது முதலாண்டு மாணவரும் அறிந்தது. அறிந்திருந்தும், ஒத்துப்போவதே வழக்கமாகிவிட்ட இடத்தில் குனிய வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. உயரம் கூட்டிக் குறைக்கத்தக்க முக்காலி ஒன்றை வாங்கிப் போட்டோம். பிமல்-தா அதில் உட்கார்ந்து, "இத்தனை வருஷம் நின்னதுக்கு இப்போதான் சீட் கிடைச்சது" என்றார்.

விதி திருத்தப்பட்டது. 'உரக்க' என்ற சொல் நீங்கி, 'தனித்தனியே' என்ற சொல் வந்தது. முதல் வாசிப்பாளர் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதும் நீங்கியது. மௌசுமிக்கு மட்டுமன்று, எல்லா மேசைகளுக்கும், எல்லாருக்கும். நான் பரிந்துரை எழுதினேன், சான்யால் ஒப்பமிட்டார். மௌசுமி பதவியில் உறுதிசெய்யப்பட்டார்.

அவர் அமர்ந்த முதல் நடுவர் மாதிரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாங்குபவர், விற்பவர் இருவரின் பிரதிநிதிகளும் சுவரோரம் அமர்ந்திருந்தார்கள். மேசையில் பிமல்-தாவும் மௌசுமியும். அறையில் துளி விழும் ஓசையன்றி வேறில்லை. பழக்கப்பட்ட பிரதிநிதி ஒருவர் சங்கடத்துடன், "என்ன சார், இன்னைக்கு யாரும் உரக்கச் சொல்லலை?" என்றார்.

"இனிமே சொல்ல மாட்டாங்க" என்றார் சான்யால்.

சில்லுகள் திரும்பின. கடைசி இலக்கத்தில் ஒன்றின் வேறுபாடு. பிரதிநிதிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மௌசுமி இயக்குநரின் உதடுகளைப் பார்த்தார். அவர் இரண்டு எண்களையும் எழுதச் சொல்லி, சராசரியை எடுக்கச் சொல்லி, பிரதிநிதிகளிடம் சொன்னார்: "நல்லது. ரெண்டு பேர் பார்த்திருக்காங்க."

சலுகை என்ற சொல் ஏன் தவறு என்பது இப்போது விளங்கியிருக்கும். எங்கள் நடைமுறையில் ஓர் ஓட்டை இருந்தது. ஓசை அதை மூடிக்கொண்டிருந்தது. ஓசையை நம்பாத ஒருவர் வந்து அமர்ந்ததும் அது தெரிந்தது. சலுகை பெற்றவர் எவரேனும் உண்டென்றால், அது நாங்கள்.

இன்று அந்தப் பிரிவின் தலைவர் மௌசுமி. சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இக்கட்டுரையை எடுத்து, வங்காளத்தில் மொழிபெயர்த்தபடியே படித்துக் காட்டினேன். விளக்கின் அருகே எதிரெதிராக அமர்ந்தோம். என் மனைவி காப்பி வைத்துவிட்டு, கேட்பதற்காகத் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

முடித்ததும் மௌசுமி சொன்னார்: "சார், டைரக்டர் சாரோட மீசையைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க. உங்க வாயைப் பத்தி ஒண்ணும் காணோமே."

"என் வாய்க்கு என்ன?"

"'பாலோ'ன்னு எல்லாரும் உங்களைக் கிண்டல் பண்ணினதா எழுதியிருக்கீங்க. அது எனக்குத் தெரியவே தெரியாது. மூச்சை அழுத்தினாலும் அழுத்தாட்டியும் உதட்டுல ஒண்ணாத்தான் தெரியும். ஆனா எங்க பாஷைக்கு வாயைக் குவிக்கணும் சார். நீங்க குவிக்கவே மாட்டீங்க. வந்த முதல் மாசம் உங்க பேச்சுல பாதி எனக்குப் புரியல."

"அப்போதே சொல்லியிருக்கலாமே."

"டைரக்டர் சாரோட மீசையை மாத்தினது போதும்னு விட்டுட்டேன். நானே தமிழ் வாயைப் படிச்சுக்கிட்டேன்."

என் மனைவி, எனக்கு உரிய ஆதரவு தருவதற்குப் பதிலாக, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இன்னொரு திருத்தமும் மௌசுமி சொன்னார். மீசை நறுக்கப்பட்டது சில்லுப் பரீட்சைக்குப் பிறகுதானாம், முன்பு அன்றாம். முன்புதான் என்பதில் எனக்கு ஐயமில்லை; இல்லையேல் அந்தச் சிரிப்பு எங்களுக்கு எவ்வாறு தெரிந்திருக்கும் என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சது கண்ணுல சார்" என்றார். நான் என் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை, அவரும் மாற்றிக்கொள்ளவில்லை. பிமல்-தா இருந்தால் கேட்டிருக்கலாம். அவர் இப்போது மகனோடு வெளியூரில் இருக்கிறார், தொலைபேசியில் கத்துகிறார், ஒன்றும் புரிவதில்லை.

ஆகவே இரண்டு வாசிப்புகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு பேர் பார்த்திருக்கிறோம்.